இரவில் முனகும் இயந்திரங்கள்

பல்லி சொன்னால், அது எத்திசையிலிருந்து சொன்னது என்று பஞ்சாங்கத்தைப் புரட்டிப் பார்க்கும் வழக்கம் எம்மவரிடையே இன்னும் முற்றாக மறைந்துவிடவில்லை. ஆனால் அதே வீட்டில், தலைக்கு மேலே சுழலும் மின்விசிறி மூன்று மாதமாகக் 'கடக், கடக்' என்று சொல்லிக்கொண்டிருப்பதை எவரும் செவிமடுப்பதில்லை. பல்லி சொல்லுக்குப் பலன் உண்டோ இல்லையோ, மின்விசிறியின் சொல்லுக்கு நிச்சயமாக உண்டு.

வெப்பம் மிகுந்த எமது நாட்டில் குளிர்சாதனப் பெட்டியும் விசிறியும் இன்று ஆடம்பரப் பொருள்கள் அல்ல. அவை எழுப்பும் ஒலிகளுள் பெரும்பாலானவை தீங்கற்றவை. விந்தை யாதெனில், தீங்கற்ற ஒலியைக் கேட்டு நாம் அஞ்சுகின்றோம். அஞ்ச வேண்டிய ஒலிக்கோ பழகிப்போய் விடுகின்றோம். ஒலி பெரிதா சிறிதா என்பதைவிட, அது நேற்று இல்லாத புதிய ஒலியா என்பதே கவனிக்கற்பாலது.

முதலில் அச்சத்தைப் போக்குவோம். நள்ளிரவில் குளிர்சாதனப் பெட்டிக்குள் 'படீர்' என ஏதோ வெடித்தாற்போல் கேட்டால் பதற வேண்டியதில்லை. குளிரில் சுருங்கியும் வெப்பத்தில் விரிந்தும் வரும் உட்புறப் பிளாஸ்டிக் சுவரே அவ்வாறு ஒலிக்கின்றது. தானாகவே உறைபனியை உருக்கும் வகைப் பெட்டிகளுள் சிறிய வெப்பச் சுருளொன்று உண்டு. அதன்மீது நீர்த்துளி விழும்போது, தோசைக்கல்லில் தண்ணீர் தெளித்தாற்போல் 'சுர்' என்னும். இயந்திரம் நின்றதும் கேட்கும் 'களக் களக்' என்ற ஓசை, குழாயினுள் குளிரூட்டும் திரவம் கொதித்து ஓடும் ஓசையாகும். பெட்டி சுவரில் முட்டி நின்றாலோ, உள்ளே இரு போத்தல்கள் உரசி நின்றாலோ எழும் நடுக்கத்திற்கு மெக்கானிக் தேவையில்லை. சற்றே நகர்த்திவிட்டால் போதும்.

இனி, அலட்சியம் செய்யலாகாத ஒலி. 'டிக்' என்று ஓர் ஓசை, சில விநாடிகள் ஆழ்ந்த முனகல், மறுபடியும் 'டிக்', பின்னர் மௌனம். சில நிமிடங்கள் கழித்து மீண்டும் அதே கதை. கம்பிரசர் புறப்பட முயன்று, இயலாமல், சூடேறி, பாதுகாப்பு ஆளியால் நிறுத்தப்படுகின்றது என்பதே இதன் பொருள். மின்னழுத்தம் 230 வோல்ட்டிலிருந்து வெகுவாகத் தாழ்ந்திருக்கலாம். புறப்படுவதற்கு உதவும் சிறு உறுப்புப் பழுதடைந்திருக்கலாம். அல்லது மின்சாரம் நின்று உடனே வந்ததால், குழாயினுள் அமுக்கம் இன்னும் சமநிலை அடையாதிருக்கலாம். 2022ஆம் ஆண்டு மார்ச் மாத இறுதியில் நாளொன்றுக்கு 13 மணி நேரம் வரை மின்வெட்டு நிலவிய நாட்களை எவரும் மறந்திரார். மின்சாரம் போனவுடன் பிளக்கைக் கழற்றிவிட்டு, வந்து ஐந்து நிமிடம் சென்றபின் செருகுவது அன்றும் நன்று, இன்றும் நன்று. முனகல் தொடருமாயின் பெட்டியை நிறுத்திவிடுங்கள். கதவைத் திறவாதிருந்தால் உள்ளே உள்ள உணவு ஏறத்தாழ நான்கு மணி நேரம் தாங்கும். ஓடாத இயந்திரத்தை நம்பி இரவு முழுவதும் மீனையும் பாலையும் வைத்திருத்தல் ஆகாது.

உறைபெட்டிக்குள் 'கர கர' என்று கேட்டால், அங்குள்ள சிறு விசிறி பனிக்கட்டியில் உரசுகின்றது என்று அறியலாம். கதவின் இறப்பர் நைந்து ஈரக்காற்று புகுவதே பெரும்பாலும் காரணம். பனியைக் கத்தியால் குத்திப் பெயர்க்கும் வழக்கம் சில வீடுகளில் உண்டு. இஃது அறவே கூடாது. புதிய பெட்டிகள் பலவற்றில் ஆர்-600ஏ எனப்படும் ஐசோபியூட்டேன் வாயு உள்ளது. அளவில் சிறிதெனினும் அது தீப்பற்றக்கூடியது. குழாய் துளைபட்டுச் 'சீ' என்ற சீறல் எழுந்தால், ஆளிகள் எதையும் தொடாது, அடுப்பையோ விளக்கையோ பற்றவைக்காது, கதவு யன்னல்களைத் திறந்துவிட்டு வெளியேறுங்கள்.

மின்விசிறியின் 'கடக்' ஒலி எங்கிருந்து வருகின்றது என்பதே முக்கியம். இறக்கைப் பக்கமிருந்து சுற்றுக்கு ஒருமுறை கேட்டால், திருகாணி தளர்ந்திருக்கும். விசிறியை நிறுத்தி இறுக்கிவிடலாம். மேலே தண்டைச் சூழ்ந்துள்ள கிண்ணம் தளர்ந்து கூரையில் தட்டுவதாகவும் இருக்கலாம். ஆனால் விசிறி தள்ளாடிச் சுழல, தொங்கும் கொக்கியிலிருந்தே அவ்வொலி வருமாயின், அக்கணமே நிறுத்த வேண்டும். கொக்கியையும் தண்டையும் இணைக்கும் போல்ட்டும், அது கழன்றுவிடாதபடி செருகிய சிறு ஊசியுமே முழுப் பாரத்தையும் தாங்குகின்றன. பழைய வீடுகளில் கொக்கி பனந் தீராந்தியில் திருகப்பட்டிருக்கும். அத்தீராந்தியைக் கறையான் அரித்திருந்தால் சொல்ல வேண்டியதில்லை. பிள்ளையின் ஏணையையும் கட்டிலையும் அதன் கீழிருந்து அப்புறப்படுத்திவிட்டே மறு வேலை. விசிறி சுழலாமல் முனகிக்கொண்டு மட்டும் நின்றாலும் ஆளியை மூடுங்கள். கையால் சுற்றிவிட்டுப் பழக்குவது எமது ஊர்களில் கண்கூடு. பழுதான மின்கொள்ளளவியை மாற்றச் செலவாவது சொற்பம். உள்ளே கம்பிச்சுருள் கருகிப்போனால் விசிறியே போய்விடும்.

வளிச்சீராக்கி வைத்திருப்போர்க்கு ஒரு சொல். உள்ளே நீர் சொட்டுவது வடிகுழாய் அடைபட்டதன் அறிகுறி. வெள்ளவத்தை, தெஹிவளை போன்ற கடலோரங்களில் வெளிப்புறப் பெட்டி அதிர்ந்தால், உப்புக் காற்றில் துருவேறிய தாங்கிகளை முதலில் பார்ப்பிக்க வேண்டும்; கீழே நடமாடுவோர் தலை அதற்குக் கீழேதான் இருக்கின்றது.

யாழ்ப்பாணத்து அன்பர்கள் தமது மின்சாரக் கேத்தல் ஏன் இரைகின்றது என்று ஐயுறலாம். சுண்ணாம்புக் கல்லினூடே ஊறிய கிணற்று நீர் அடியில் தடித்த படிவாகப் படிந்து, அதன் கீழ் நீர் குமிழியிட்டு வெடிப்பதே அவ்விரைச்சல். சிறிது எலுமிச்சம் புளி விட்டுக் கொதிக்கவைத்துக் கழுவினால் அடங்கும்.

பழுது பார்க்க ஆளை அழைக்கும்போது, ஒலி எப்பொழுது எழுகின்றது, எத்தனை நிமிடம் நீடிக்கின்றது என்று குறித்து வையுங்கள். கைத்தொலைபேசியில் பதிவு செய்துவைத்தல் இன்னும் சிறப்பு. மெக்கானிக் வாசற்படி ஏறியதும் இயந்திரம் பரம சாதுவாகிவிடுவது எங்கும் உள்ள வழக்கம்.