கோலி மாதிரி... ஆனா கோலி இல்ல! லான் பவுல்ஸ் கிளப்பில் ஒரு வாரம் எப்படிப் போகும்?

விருத்தாசலத்தை அடுத்த கம்மாபுரம் பக்கம் வளர்ந்தவர்களுக்குக் கோலி ஆட்டத்தைச் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. தெருவில் ஒரு குழி, கையில் நாலு கோலி, தோற்றவன் முட்டியைத் தேய்த்துக்கொண்டு நிற்பான். 'கிட்ட போய் நில்லுடா, அடிக்காத' என்று பக்கத்தில் ஒருவன் யோசனை சொல்வான்.

அந்தக் கோலியை ஒன்றரைக் கிலோ எடைக்குப் பெரிதாக்குங்கள். தெருவுக்குப் பதில் கம்பளம் விரித்தது போன்ற புல்வெளி. குழிக்குப் பதில் ஒரு சின்ன வெள்ளைப் பந்து. 'கிட்ட போய் நில்லு' என்ற யோசனை மட்டும் அப்படியே இருக்கட்டும். இதுதான் லான் பவுல்ஸ்.

2022 ஆகஸ்ட் 2-ம் தேதி பர்மிங்ஹாம் காமன்வெல்த் போட்டியில் இந்தியப் பெண்கள் இதில் தங்கம் வென்றபோதுதான் நம்மில் பலர் இந்தப் பெயரையே கேள்விப்பட்டோம். ஒரு நாள் டிரெண்டிங், அப்புறம் மறந்துவிட்டோம். ஆனால் உலகின் பல ஊர்களில் இது நாலு வருஷத்துக்கு ஒருமுறை டிவியில் வரும் ஆட்டம் இல்லை. வாராவாரம் நடக்கும் ஊர்க் கூடுகை.

ஆட்டம் என்ன? ரெண்டே நிமிஷத்தில்...

மைதானத்துக்குப் பெயர் 'கிரீன்'. சதுரமான சமதளப் புல்தரை. ஒரு பக்கம் 31 முதல் 40 மீட்டர் வரை. சுற்றிலும் ஒரு சின்ன வாய்க்கால் மாதிரி பள்ளம். இந்தத் தரையை நூல் கட்டி நீளநீளமான பட்டைகளாகப் பிரிப்பார்கள். ஒவ்வொரு பட்டையும் ஒரு 'ரிங்க்'. ஒரே நேரத்தில் பக்கத்துப் பக்கத்தில் பல ஆட்டங்கள் நடக்கும்.

முதல் ஆள் ஒரு சின்ன விரிப்பின் மேல் நின்று 'ஜாக்' என்ற குட்டிப் பந்தை உருட்டுவார். அது குறைந்தது 23 மீட்டர் தள்ளிப் போய் நிற்க வேண்டும். பிறகு இரண்டு தரப்பும் மாறி மாறித் தங்கள் பெரிய பந்துகளை அதை நோக்கி உருட்டும். எல்லாம் முடிந்ததும் ஜாக்குக்கு மிக அருகில் யாருடைய பந்து நிற்கிறதோ அவருக்குப் புள்ளி. எதிராளியின் மிக நெருங்கிய பந்தைவிடக் கிட்டத்தில் எத்தனை பந்துகள் நிற்கின்றனவோ அத்தனை புள்ளிகள். இது ஒரு 'எண்ட்', அதாவது ஒரு சுற்று. அடுத்த சுற்று எதிர்முனையிலிருந்து தொடங்கும்.

நால்வர் அணியில் ஆளுக்கு ஒரு பொறுப்பு. முதலில் உருட்டுபவர் 'லீட்'. பிறகு 'செகண்ட்', 'தேர்ட்'. கடைசியாக 'ஸ்கிப்' என்ற கேப்டன். மற்றவர்கள் உருட்டும்போது அவர் எதிர்முனையில் நின்று எங்கே போட வேண்டும் என்று கைகாட்டுவார். அளப்பதில் சந்தேகம் வந்தால் டேப் எடுப்பார்கள். சில புள்ளிகளுக்கு மில்லிமீட்டர்தான் தீர்ப்பு.

பந்து ஏன் நேராகப் போகாது?

கோலிக்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் இங்கேதான். லான் பவுல்ஸ் பந்து முழு உருண்டை இல்லை. அதன் ஒரு பக்கம் மறுபக்கத்தைவிடக் கொஞ்சம் வேறு விதமாக வளைந்திருக்கும். உள்ளே ஈயம் வைத்திருப்பதாகப் பலர் நினைப்பார்கள். அப்படி எதுவும் கிடையாது, வடிவம்தான் காரணம். இந்தக் கோணலுக்கு 'பயாஸ்' என்று பெயர்.

வேகமாக உருளும்போது பந்து ஏறக்குறைய நேராகவே போகும். வேகம் குறையக் குறைய ஒரு பக்கமாகச் சாய்ந்து வளையும். நிற்கப் போகும் கடைசி சில மீட்டரில்தான் வளைவு அதிகம். அதனால் ஜாக்கைக் குறிபார்த்து உருட்டினால் நிச்சயம் தப்பும். ஜாக்கிலிருந்து விலகி, வெறும் புல்லைக் குறிபார்த்து உருட்ட வேண்டும். எதிராளி வழியில் காவல் பந்து நிறுத்தியிருந்தாலும் அதைச் சுற்றிக்கொண்டு போய் உட்காரலாம்.

உடல் பலம் இங்கே பெரிய விஷயமே இல்லை. அளவும் பொறுமையும்தான் முக்கியம். 17 வயதுப் பையனை 70 வயதுப் பாட்டி தோற்கடிக்கக்கூடிய ஆட்டங்கள் உலகில் அதிகம் இல்லை. இது அதில் ஒன்று.

திங்கள் முதல் ஞாயிறு வரை: கிளப்பில் என்னதான் நடக்கும்?

இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, ஆஸ்திரேலியா, நியூசிலாந்தில் சின்ன ஊர்களில்கூட ஒரு பவுல்ஸ் கிளப் இருக்கும். நம்மூரில் டீக்கடை பெஞ்ச், கோயில் மண்டபம், ரேஷன் கடை வாசல் எல்லாம் சேர்ந்து செய்யும் வேலையை அங்கே அந்த ஒரே இடம் செய்யும். கிளப்புக்குக் கிளப் கிழமை மாறலாம். வாரத்தின் போக்கு பெரும்பாலும் ஒரே மாதிரிதான்.

வாரத் தொடக்கம் புல்லுக்கு. சீசனில் புல்லை 5 மில்லிமீட்டர் அளவுக்கு ஒட்ட வெட்டுவார்கள். உருளை ஓட்டித் தரையைச் சமன் செய்வார்கள். ரிங்க் நூல்களை இடம் மாற்றிக் கட்டுவார்கள். ஆடும் திசையையும் மாற்றுவார்கள்; இல்லாவிட்டால் ஒரே இடம் தேய்ந்து பள்ளமாகிவிடும். பல கிளப்களில் இதைச் செய்வது சம்பள ஆட்கள் இல்லை, ஓய்வுபெற்ற உறுப்பினர்கள்தான்.

வார நடுவில் பகல் ஆட்டம். வேலைக்குப் போகாத மூத்தவர்களின் நேரம் அது. வருகிறவர்களின் பெயர்களைச் சீட்டு எழுதிக் குலுக்கி அணி பிரிப்பார்கள். யார் யாரோடு ஆடுவார் என்பது அன்றைக்குத்தான் தெரியும். புதிதாக வந்தவர் தனியாக நிற்க வேண்டியதில்லை என்பது இதன் நல்ல பக்கம். மனைவியை இழந்த ஒரு தாத்தா வாரத்தில் பேசும் முதல் ஆள், சீட்டில் அவரோடு விழுந்த ஜோடியாகக்கூட இருக்கலாம்.

இன்னொரு மாலை 'ரோல் அப்'. புள்ளிக் கணக்கு பெரிதாக இல்லாத பயிற்சி ஆட்டம். புதியவர்களுக்கு கிளப்பின் பந்துகளையே இரவல் கொடுப்பார்கள். ஒரே நிபந்தனை, தட்டையான அடிப்பாகம் உள்ள ஷூ. ஹீல்ஸ் போட்டுக்கொண்டு புல்லில் கால் வைத்தால் செயலாளர் ஓடி வருவார்!

வெள்ளிக்கிழமை மாலை, குறிப்பாக ஆஸ்திரேலியாவில், 'வெறுங்கால் பவுல்ஸ்'. ஆபீஸ் முடித்து வரும் இளைஞர்கள் ஷூவைக் கழற்றிப் போட்டுவிட்டு, கையில் ஒரு பானத்தோடு உருட்டுவார்கள். பக்கத்திலேயே அடுப்பில் ஏதாவது வாட்டப்படும். கிளப் செலவுக்காகப் பரிசுக் குலுக்கலும் உண்டு. அதில் பிரபலமான பரிசு ஒரு தட்டு நிறைய இறைச்சி!

சனிக்கிழமைதான் சீரியஸ். பக்கத்து ஊர் கிளப்போடு லீக் ஆட்டம். சீருடை, ஸ்கோர் அட்டை, தொடக்கத்திலும் முடிவிலும் கைகுலுக்கல். பின்பு தேநீர், சாண்ட்விச். வென்றவர் தோற்றவருக்கு முதல் பானம் வாங்கித் தர வேண்டும் என்ற பழக்கமும் பல இடங்களில் இருக்கிறது.

சில ஞாயிறுகளில் 'ஸ்பைடர்' நடக்கும். கிரீனின் நடுவில் ஜாக்கை வைத்துவிட்டு, சுற்றிலும் நிற்கும் எல்லோரும் ஒரே நேரத்தில் ஆளுக்கொரு பந்தை உருட்டுவார்கள். மிக அருகில் நிற்கும் பந்துக்குப் பரிசு. பார்க்கக் கோலாகலமாக இருக்கும். கிளப்புக்கும் கொஞ்சம் காசு சேரும்.

ராஜா தடை போட்ட ஆட்டம்

இங்கிலாந்தின் சவுத்தாம்டன் நகரில் உள்ள ஒரு கிரீன் 1299-ம் ஆண்டிலிருந்து இருப்பதாகச் சொல்கிறார்கள். வில்வித்தைப் பயிற்சியைக் கெடுக்கிறது என்ற கவலை அரசர்களுக்கு இருந்தது. எட்டாம் ஹென்றி காலத்தில், 1541-ல் வந்த சட்டம் உழைக்கும் மக்கள் கிறிஸ்துமஸ் சமயம் தவிர மற்ற நாட்களில் இதை ஆடக் கூடாது என்றது. வசதியானவர்களுக்குத் தடை இல்லை. அந்தச் சட்டம் விலக 1845 வரை ஆனது.

1830-ல் இங்கிலாந்தில் புல்வெட்டும் இயந்திரத்துக்குக் காப்புரிமை வாங்கப்பட்டது. பிறகு நல்ல கிரீன் பராமரிப்பது சுலபமானது. கிளாஸ்கோவைச் சேர்ந்த வழக்கறிஞர் டபிள்யூ. டபிள்யூ. மிட்செல் விதிகளைத் தொகுத்தார். 1903-ல் இங்கிலாந்து பவுலிங் சங்கம் தொடங்கியபோது அதன் முதல் தலைவர் யார் தெரியுமா? கிரிக்கெட்டின் தாடிக்காரர் டபிள்யூ. ஜி. கிரேஸ்!

இந்தியாவுக்கு எப்படி வந்தது?

பிரிட்டிஷார் காலத்தில் கொல்கத்தாவுக்கு வந்தது. அங்கே பழைய கிளப்களின் புல்வெளிகளில் நெடுங்காலம் முடங்கியே இருந்தது. பரவலானது நம் காலத்தில்தான். 2007 குவாஹாத்தி தேசிய விளையாட்டு, 2010 டெல்லி காமன்வெல்த், 2011 ராஞ்சி தேசிய விளையாட்டு என ஒவ்வொரு போட்டிக்கும் ஒரு கிரீன் தேவைப்பட்டது. போட்டி முடிந்த பிறகும் அங்கே ஆள் வந்துகொண்டே இருந்தார்கள். 2022-ல் கிடைத்த தங்கத்தின் வேர் இந்த இடங்களில்தான் இருக்கிறது.

அந்த நால்வரைப் பாருங்கள். ஜார்க்கண்ட் போலீஸில் வேலை பார்த்த லவ்லி சௌபே ஓட்டப் பந்தயத்திலிருந்து வந்தவர். அசாமின் நயன்மோனி சைகியா பளுதூக்கிக்கொண்டிருந்தவர். காயம் அவரை இங்கே திருப்பியது. பிங்கி டெல்லியில் உடற்கல்வி ஆசிரியர். ரூபா ராணி திர்கி ராஞ்சிக்காரர், கபடி ஆடியவர். நால்வருமே முப்பதைக் கடந்தவர்கள். வேறு விளையாட்டில் 'உன் காலம் முடிந்தது' என்று சொல்லக்கூடிய வயது.

அரையிறுதியில் நியூசிலாந்தை 16-13 என்று வென்றார்கள். இறுதியில் தென்னாப்பிரிக்காவுக்கு எதிராக 8-2 என முன்னிலை பெற்றார்கள். எதிரணி துரத்தி வந்து சமன் செய்தது. கடைசிச் சுற்றுகளில் பதறாமல் உருட்டி 17-10 என முடித்தார்கள். காமன்வெல்த் லான் பவுல்ஸில் இந்தியாவின் முதல் பதக்கமே தங்கம். அதே போட்டியில் ஆண்கள் நால்வர் அணி வெள்ளி வென்றது. பின்னர் நயன்மோனிக்கும் பிங்கிக்கும் அர்ஜுனா விருது கிடைத்தது.

இப்போது ஏன் இதைப் பேச வேண்டும்?

ஒன்று, வரப்போகும் வாய்ப்பு. 2026 கிளாஸ்கோ காமன்வெல்த்தில் விளையாட்டுகளை 10 ஆகக் குறைத்துவிட்டார்கள். நமக்குப் பதக்கம் தரும் ஹாக்கி, பேட்மின்டன், மல்யுத்தம், துப்பாக்கிச் சுடுதல் எல்லாம் அவுட். பவுல்ஸ் தப்பியது, அதுவும் உள்ளரங்கில். 2030 போட்டி அகமதாபாத்தில். அதாவது நம் வீட்டு முற்றத்தில்.

இன்னொன்று, எச்சரிக்கை. இந்த ஆட்டத்தின் தாய்நாடுகளிலேயே கிளப்கள் மூடப்படுகின்றன. உறுப்பினர்கள் வயதாகிக் குறைகிறார்கள். நகர நடுவில் இருக்கும் அந்தப் புல்வெளி, பில்டர் கண்ணுக்கு அடுக்குமாடி மனையாகத் தெரிகிறது. ஆஸ்திரேலியாவில் 2002-ல் வந்த 'கிராக்கர்ஜாக்' படத்தின் கதையே ஒரு பவுல்ஸ் கிளப்பைக் காப்பாற்றும் போராட்டம்தான். வெறுங்கால் பவுல்ஸ் பல இடங்களில் கிளப்புக்கு உயிர் கொடுத்தது. இளைஞர்கள் வந்தார்கள், கல்லாவில் காசு விழுந்தது.

ஒரு கிளப் போனால் போவது புல் மட்டும் இல்லை. சீட்டுக் குலுக்கலில் ஜோடி கிடைத்த அந்தத் தாத்தாவின் புதன்கிழமையும் போகிறது.

பீங்கான் ஊருக்கும் பவுல்ஸுக்கும் என்ன சம்பந்தம்?

பழைய பவுல்ஸ் பந்துகள் 'லிக்னம் வைட்டே' என்ற மரத்தில் கடைந்தவை. தண்ணீரில் போட்டால் மூழ்கும் அளவுக்குக் கனமான மரம் அது. பிறகு ரப்பர் வந்தது, இப்போது கெட்டியான பிளாஸ்டிக்.

ஆனால் 19-ம் நூற்றாண்டில் ஸ்காட்லாந்திலும் இங்கிலாந்தின் ஸ்டாஃபோர்ட்ஷயரிலும் ஒரு குட்டித் தம்பி ஆட்டம் இருந்தது. குளிர்காலத்தில் வீட்டுக்குள் கம்பளத்தின் மேல் உருட்டும் 'கார்ப்பெட் பவுல்ஸ்'. அதற்கான பந்துகளைச் செய்தவர்கள் மண்பாண்டத் தொழிலாளர்கள்! பல வண்ணக் கோடுகள் போட்ட பீங்கான் உருண்டைகளும் ஒரு வெள்ளை ஜாக்கும் ஒரு செட். இன்று அவை பழம்பொருள் சேகரிப்பாளர்கள் தேடும் பொருள்.

விருத்தாசலத்தில் செராமிக் தொழிற்பேட்டை இருக்கிறது. அந்தத் தொழிலைச் சொல்லிக்கொடுக்கத் தனியாக ஒரு கல்வி நிறுவனமும் இருக்கிறது. அச்சில் வார்த்து, சூளையில் சுட்டு, கொலு பொம்மைக்கு வண்ணம் தீட்டத் தெரிந்த கைகளுக்குக் கோடு போட்ட உருண்டை ஒரு பெரிய வேலையா என்ன?

கம்மாபுரத்தில் ஆட முடியுமா?

முழு அளவு கிரீன் என்றால் 40-க்கு 40 மீட்டர். நம் கணக்கில் சுமார் 40 சென்ட். நிலத்தைவிடத் தண்ணீர்தான் பெரிய கேள்வி. கோடையில் பயிருக்கே தண்ணீர் பார்த்துப் பார்த்து விடும் பகுதியில், விளையாட்டுப் புல்லுக்கு ஊற்றுவது நியாயமாக இருக்காது. செயற்கைப் புல் விரிக்கலாம்; செலவு அதிகம்.

அதைவிட எளிய வழி ஒன்று உண்டு. 'ஷார்ட் மேட் பவுல்ஸ்'. 40 முதல் 45 அடி நீளம், 6 அடி அகலம் உள்ள ஒரு விரிப்பு போதும். பள்ளிக்கூட ஹாலிலோ முகூர்த்தம் இல்லாத நாளில் கல்யாண மண்டபத்திலோ விரித்து ஆடலாம். முடிந்ததும் பாய் மாதிரி சுருட்டி ஓரமாக வைத்துவிடலாம். பிரிட்டனின் கிராமத்து ஹால்களில் இப்படித்தான் ஆடுகிறார்கள்.

தேவை ஒரு விரிப்பு, சில செட் பந்துகள், சாவி வைத்திருக்கும் ஒரு பொறுப்பான ஆள், வாரத்தில் மாறாத ஒரு நாள். இவற்றில் கடைசியைத்தான் காசு கொடுத்து வாங்க முடியாது. 'புதன்கிழமை சாயங்காலம் அஞ்சு மணிக்கு ஆட்டம் உண்டு' என்று ஊருக்குத் தெரிந்துவிட்டால், பேரனும் வருவான், தாத்தாவும் வருவார். கோலி ஆடிய பழைய கைகள், குனிந்து ஒரு பந்தை மெதுவாக உருட்டும்.

'கிட்ட போய் நில்லு' என்று சொல்ல, பக்கத்தில் ஒரு ஆள் கட்டாயம் இருப்பார்.