நண்டின் வயிற்றுப் பற்கள்

நண்டுகள் பிளாஸ்டிக்கைத் தின்று தீர்த்துவிடுகின்றனவாமே, உண்மையா என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். தின்கின்றன. தீர்ப்பதுதான் இல்லை.

அவர் கேள்விப்பட்ட நண்டு, கொலம்பியாவின் கரீபியக் கரையில் ஊராபா வளைகுடாவை ஒட்டிய துர்போவில் வாழ்வது. அங்குள்ள அலையாத்தி வேர்களில் குப்பை சிக்கிக் கிடக்கிறது. ஆணுக்கு ஒரு கொடுக்கு மட்டும் பெருத்திருக்கும் இனம் அது. பிச்சாவரத்துச் சேற்றிலும் அதன் சொந்தக்காரர்கள் உண்டு. பெருங்கொடுக்கு காதலுக்கும் சண்டைக்கும்தான், சாப்பாட்டுக்கு உதவாது. ஆண் சின்னக் கொடுக்கு ஒன்றால் சேற்றை அள்ளி வாயில் வைக்கும். பெண் இரண்டாலும் அள்ளும். சத்தைச் சலித்துக்கொண்டு மிச்சத்தை உருட்டிப் போட்டுவிடும்.

சலிப்பில் தப்பி உள்ளே போனதற்கு என்ன ஆகிறது என்பதுதான் வேடிக்கை. நண்டுக்கு வயிற்றில் பல் இருக்கிறது! இரைப்பையின் மேற்புறம் ஒன்று, பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு. தசைகள் இழுக்க இழுக்க மூன்றும் உரசி இரையை அரைக்கும். இதை எழுதுபவரின் பாட்டி வீட்டு ஆட்டுக்கல்லுக்கு அரிசி, அரிசியில் கிடந்த மண் என்ற பேதம் கிடையாது. நண்டின் வயிற்றுப் பற்களுக்கும் அப்படித்தான்.

கொலம்பிய, பிரிட்டன் ஆய்வாளர்கள் துர்போவில் சேற்றின்மேல் ஒளிரும் பாலிஎத்திலீன் மணிகளை 66 நாள் தெளித்து, 95 நண்டுகளை அறுத்துப் பார்த்தார்கள். சுற்றுச் சேற்றைவிட நண்டுகளின் உடலில் 13 மடங்கு பிளாஸ்டிக் சேர்ந்திருந்தது. பெரும்பகுதி பின்குடலில். மணிகளில் சில உடைந்தும் போயிருந்தன. பெண் நண்டுகளில் உடைசல் அதிகம்.

தின்னாததையும் நண்டு சும்மா விடுவதில்லை. வளை தோண்டும்போது ஆழத்துச் சேறு மேலே வரும், மேலே கிடந்தது உள்ளே சரியும். தண்ணீர் ஏறி வளை தூர்ந்தால் பிளாஸ்டிக்கும் அங்கேயே புதையும்.

இதைத் துப்புரவு என்று மெச்சுவது நண்டுக்கு இழைக்கும் அநியாயம். சிறு துணுக்கு இன்னும் சிறிதாகிறது, அவ்வளவுதான். அந்த நண்டைப் பறவை தின்கிறது, மீன் தின்கிறது. கொட்டியவருக்கு மட்டும் நண்டு ஒரு நல்ல சாக்கு.

நண்டு மட்டும் இப்படி என்றும் இல்லை. இங்கிலாந்தின் பிளிமத் பல்கலைக்கழகத்தார் 2018இல் வெளியிட்ட ஆய்வில், கரையோரத்தில் துள்ளித் திரியும் ஓட்டுடலி வகையைச் சேர்ந்த பூச்சியளவு உயிர் ஒன்றிடம் பிளாஸ்டிக் பையைக் கொடுத்தார்கள். ஒரே பை 17.5 லட்சம் நுண்துண்டுகளாகலாம் என்று கணக்கு வந்தது. புதுப் பையைவிட, நுண்ணுயிர்ப் படலம் படிந்த பழைய பையை அது நான்கு மடங்கு வேகமாகக் கடித்துத் தள்ளியது.