பொம்மைக் கட்டைகளால் ஒரு கை

வளர்ந்த பிள்ளை லெகோ கட்டைகளோடு அமர்ந்திருந்தால், "இன்னுமா விளையாட்டு?" என்று அதட்டுகிறோம்.

ஐரோப்பாவின் சிறிய நாடான அந்தோராவில் பிறந்த டேவிட் அகிலாருக்குப் பிறவியிலேயே வலது முன்கை இல்லை. ஒன்பது வயதில் லெகோ கட்டைகளால் தனக்கொரு கை செய்துபார்த்தார். அது உறுதியாக நிற்கவில்லை. ஆனாலும் கட்டுவதை விடவில்லை. 2017-இல், தம் 18-ஆம் வயதில், லெகோ ஹெலிகாப்டர் ஒன்றின் துண்டுகளைக் கொண்டே, மடங்கிப் பொருளைப் பற்றும் கையைச் செய்து முடித்தார். பின்னர் கைக்குறையோடு பிறந்த ஒரு சிறுவனுக்கும் செய்துகொடுத்தார்.

இக்கட்டைகளைக் கலைத்தாலும் வீணாவதில்லை, மறுபடியும் பொருந்தும். எனவே, தவறினால் திருத்தலாம் என்பதைப் பிள்ளை தன் விரல்களாலேயே கற்கிறது. பெற்றோரே, பெட்டியைப் பறிக்குமுன், "என்ன கட்டுகிறாய்?" என்று அருகில் அமர்ந்து கேளுங்கள்.