குடியால் சோர்வா, சோர்வால் குடியா?

கணவரை மூன்றாம் முறையாகச் சேர்க்க வந்திருந்தார் அந்தப் பெண்மணி. மறுவாழ்வு மையத்து வராந்தாவில், மடியில் மாற்றுத்துணிப் பை. "குடியை விட்டுட்டா தங்கமான மனுஷன் சார்" என்றார். குடிநோயாளிகளின் வீடுகளில் நான் அதிகம் கேட்ட வாக்கியம் அது. அடுத்துச் சொன்னதுதான் புதிது.

"ஆனா விட்ட பிறகும் பேச்சே இல்ல. சுவத்தைப் பாத்துப் படுத்துக் கெடப்பாரு. சோறு எறங்காது. ஒரு கட்டத்துல, ஒரு குவார்ட்டர் போட்டுட்டு வந்தாலாவது வாயத் தெறப்பாரேன்னு நானே நெனச்சுட்டேன் சார்."

முந்தைய இரண்டு மையங்களிலும் கை நடுக்கம் நின்றதா, பசி எடுத்ததா என்று பார்த்தார்கள், கவுன்சிலிங் கொடுத்தார்கள், அனுப்பிவிட்டார்கள். சுவரைப் பார்த்துப் படுத்ததை யாரும் கேட்கவில்லை. இடையில் ஒரு மனநல மருத்துவரிடமும் போயிருக்கிறார்கள். "முதல்ல குடியை நிறுத்திட்டு வாங்க" என்றாராம் அவர்.

இந்தப் பந்தாட்டத்துக்குப் பின்னால் ஒரு நிர்வாகக் கதை உண்டு. 1982இல் தொடங்கிய தேசிய மனநலத் திட்டம் சுகாதார அமைச்சகத்தின் கையில். தொண்டு நிறுவனங்கள் நடத்தும் போதை மறுவாழ்வு மையங்களுக்குப் பணம் கொடுப்பதோ சமூக நீதி அமைச்சகம். ஆள் ஒருவர்தான், அவருக்கான கோப்பு இரண்டு. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், மது, போதைப்பொருளால் வரும் மனநலக் கேடுகளையும் மனநோய் என்றே வரையறுத்தது. சட்டப் புத்தகத்தில் சேர்ந்தது வராந்தாவுக்கு இன்னும் வந்து சேரவில்லை.

"நிறுத்திட்டு வாங்க" என்பதில் மருத்துவ நியாயமே இல்லையா? பாதி இருக்கிறது. மதுவே மூளையைச் சோர்வில் தள்ளும். அப்படி வந்த சோர்வு, குடியை நிறுத்திய இரண்டு முதல் நான்கு வாரங்களில் பலருக்குத் தானாக விலகிவிடும். அதனால் கொஞ்சம் பொறுத்துப் பார்ப்பது சரிதான். ஆனால் அந்த வாரங்களில் அவரைப் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். வீட்டுக்கு அனுப்பிவிட்டு அல்ல. சாக வேண்டும் என்ற பேச்சு வந்துவிட்டால் ஒரு நாள்கூடக் காத்திருக்கக் கூடாது.

எந்தச் சோர்வு எது என்று எப்படிப் பிரிப்பது? இம்முறை சேர்த்த இடத்தில் இருந்த மனநல மருத்துவர் கேட்ட கேள்வி எனக்கு மிகவும் பிடித்தது. "சபரிமலைக்கு மாலை போட்டிருக்காராம்மா? அப்போ எப்படி இருந்தாரு?"

"ரெண்டு வருஷம் போட்டாரு. ஒரு சொட்டு தொடல. ஆனா விடியக்காலம் மூணு மணிக்கே முழிச்சு உக்காந்துடுவாரு. சாமிக்காக முழிக்கிறாருன்னு நெனச்சோம்."

சபரிமலை மண்டல விரதம் என்பது 41 நாள். குடியே இல்லாத அத்தனை நாளிலும் விடியுமுன் விழிப்பு, சோற்றில் வெறுப்பு, பேச்சில்லை. மூச்சுமுட்டும் மனச்சோர்வை வீடு பக்தி என்று எடுத்துக்கொண்டிருக்கிறது. பதினைந்து பக்கக் கேள்வித்தாளைவிட அந்த ஒரு கேள்வி அதிகம் சொன்னது.

அப்படியானால் எதை முதலில் கவனிப்பது? பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் ஹெலன் பெட்டினாட்டியும் குழுவினரும் செய்த ஆய்வு 2010இல் வெளிவந்தது. குடிநோயும் மனச்சோர்வும் சேர்ந்தே இருந்த 170 பேர்; 14 வாரம். ஒரு பிரிவுக்குக் குடி வேட்கையைக் குறைக்கும் நால்ட்ரெக்ஸோன், ஒரு பிரிவுக்கு மனச்சோர்வுக்கான செர்ட்ராலின், ஒன்றுக்கு இரண்டும், மற்றொன்றுக்கு வெற்று மாத்திரை. எல்லோருக்கும் வாரந்தோறும் உளவியல் சிகிச்சை. இரண்டு மருந்தும் எடுத்தவர்களில் சுமார் 54 சதவீதம் பேர் குடியைத் தொடவில்லை. நால்ட்ரெக்ஸோன் மட்டும் எடுத்தவர்களில் அது 21, செர்ட்ராலின் மட்டும் 28, வெற்று மாத்திரை 23. ஒற்றை மருந்து, வெற்று மாத்திரையைத் தாண்டிப் பெரிதாக எதையும் சாதிக்கவில்லை! 170 பேர் பெரிய கூட்டமல்ல என்பது உண்மை. ஆனாலும் 'இது முதலில், அது பிறகு' என்ற வாதத்தை நான் அன்றோடு விட்டுவிட்டேன்.

சாம்பாரில் மாத்திரை கலக்கும் வீடுகளுக்கு ஒரு வார்த்தை. டைசல்ஃபிராம் என்ற அந்த மாத்திரை உள்ளே இருக்கும்போது குடித்தால் முகம் சிவக்கும், நெஞ்சு படபடக்கும், ரத்த அழுத்தம் சரியும், உயிருக்கே ஆபத்தாகலாம். சிலருக்கு மனக்குழப்பத்தையும் அது கிளப்பும். அவருக்குத் தெரியாமல் கொடுக்கவே கூடாது. அதேபோல், வருடக்கணக்காகத் தினமும் குடிப்பவர் வீட்டிலேயே சட்டென்று நிறுத்துவதும் ஆபத்து: வலிப்பும் பிதற்றலும் வரலாம். நிறுத்துவது மருத்துவர் கண்முன் நடக்கட்டும்.

எய்ம்ஸ் நடத்தி 2019இல் வெளியான தேசிய ஆய்வின்படி, மதுவுக்கு அடிமையான 38 பேரில் ஒருவருக்குத்தான் ஏதோ ஒரு சிகிச்சையாவது கிடைக்கிறது. அந்த ஒருவருக்கும் பாதி நோய்க்குத்தான் கிடைக்கிறதென்றால் என்ன சொல்வது?

அந்தக் கணவருக்கு மூன்றாம் வாரத்தில் மனச்சோர்வுக்கான மாத்திரையும் தொடங்கினார்கள். தீபாவளிக்கு ஒருமுறை சறுக்கினார். மாத்திரையை மட்டும் நிறுத்தவில்லை. மறுநாளே மனைவியோடு மையத்துக்கு வந்துவிட்டார்.

யாரையாவது சேர்க்கப் போகிறீர்களா? கட்டணத்தைக் கேட்குமுன், அங்கே மனநல மருத்துவர் வாரத்தில் எத்தனை நாள் வருகிறார் என்று கேளுங்கள். தெளிவான பதில் வராவிட்டால் வேறு இடம் பாருங்கள். எங்கே போவதென்றே தெரியாவிட்டால் அரசின் டெலி மனாஸ் எண் 14416ஐ அழையுங்கள். நடுராத்திரியிலும் எடுப்பார்கள், தமிழிலேயே பேசலாம்.

(தொடரும்)