கோட்டிலிருந்து வண்ணத்துக்கு

முத்தையாபுரத்து உப்பளங்களையும் அவற்றுக்கு அப்பால் விரியும் கடலையும், பாத்தியோ வரப்போ படகோ எதையும் வரையாமல், வண்ணங்களாலேயே ஓர் ஓவியர் உணர்த்திவிட முடியுமா? முடியும் என்பதே அரூப ஓவியத்தின் நம்பிக்கை. பொருள்களின் உருவத்தை விடுத்து, நிறம், ஒளி, பரப்பு ஆகியவற்றைக் கொண்டே உணர்வை எழுப்பும் கலைமுறை அவ்வாறு அழைக்கப்படுகிறது. திருச்சிராப்பள்ளி மாவட்டத்தில் 1938ஆம் ஆண்டு பிறந்து, சென்னை ஓவியக் கல்லூரியில் பயின்ற கே. எம். ஆதிமூலம், காந்தியடிகளின் நூற்றாண்டையொட்டிக் கருப்பு வெள்ளையில் தீட்டிய கோட்டோவியங்களால் பெரும்புகழ் பெற்றவர். ஆயினும் அந்தப் புகழோடு நின்றுவிடாமல், பின்னாளில் கோடுகளை விடுத்து, நிலமும் நீரும் வானும் ஒன்றில் ஒன்று கரைவதாகத் தோன்றும் எண்ணெய் வண்ண அரூப ஓவியங்களைத் தீட்டலானார். தமிழ் இதழ்களின் தலைப்பெழுத்துகளையும் நூல் முகப்புகளையும் வடிவமைத்தவர் என்பதால், ஓவியக் கண்காட்சிக்கு ஒருபோதும் சென்றிராத வாசகர்கள் பலரும் அவருடைய கைவண்ணத்தைக் கண்டிருப்பர். நேயர்கள் தம் வீட்டிலோ ஊர் நூலகத்திலோ உள்ள பழைய நூல்களின் அட்டைகளை ஒருமுறை கூர்ந்து நோக்கினால், அவற்றுள் ஒன்றில் ஆதிமூலத்தின் பெயர் தென்படக்கூடும்.