ஆற்றங்கரையில் தங்கிவிட்ட மொழி

ஷேக்ஸ்பியர் பிறந்த ஸ்ட்ராட்ஃபோர்டு வழியாக ஓடும் ஆற்றுக்கு ஏவன் என்று பெயர். பிரிஸ்டல் நகருக்குள் ஓடுவது வேறோர் ஆறு. அதற்கும் ஏவன் என்றே பெயர். இங்கிலாந்தில் இன்னும் சில ஏவன்கள் உண்டு. அங்கே முன்பு வாழ்ந்த பிரித்தானியரின் கெல்ட்டிய மொழியில் 'அபோனா' என்றால் ஆறு. வேல்ஸ் மொழியில் இன்றும் ஆறு 'அவோன்'தான். பின்னால் வந்து குடியேறிய ஆங்கிலோ-சாக்சன்கள் அந்தப் பொதுச்சொல்லையே பெயராக எடுத்துக்கொண்டார்கள். அதனால் 'ரிவர் ஏவன்' என்பதற்கு 'ஆறு ஆறு' என்று பொருள். நம் பேச்சில் 'நடு சென்டர்' வருகிறதே, அது மாதிரி.

ஊர்ப் பெயர்கள் இப்படி நிலைக்கவில்லை. சாக்சன்கள் தங்கள் பண்ணைகளுக்கு 'டன்' என்றும் குடியிருப்புகளுக்கு 'ஹாம்' என்றும் முடியும் பெயர்களை வைத்தார்கள். 9ஆம் நூற்றாண்டில் டேனியர் வந்தபோது கிழக்கிலும் வடக்கிலும் 'பி' என்று முடியும் ஊர்கள் பெருகின. அவர்கள் மொழியில் அது ஊரையோ பண்ணையையோ குறிக்கும். நார்த்வொர்த்தி என்ற ஊர் அப்படித்தான் டார்பி ஆனது. ஆனால் அந்த ஊரைத் தொட்டு ஓடும் டெர்வென்ட் ஆறு, ஓக் மரங்களைக் குறிக்கும் தன் கெல்ட்டியப் பெயரை விடவில்லை.

ஊர் அங்கே குடியிருப்பவர்களுக்கு உரியது. பேராறோ பல ஊர்களைக் கடந்து போகிறது. புதிதாக வந்தவர்களும் பழையவர்களும் ஒரே பெயரைச் சொன்னால்தான் வழி புரியும். சிற்றோடைக்கு அந்தத் தேவை இல்லை. கென்னத் ஜாக்சன் என்ற அறிஞர் 1953இல் வெளியிட்ட வரைபடம் இதை அழகாகக் காட்டுகிறது. கிழக்கு இங்கிலாந்தில் பெரிய ஆறுகளுக்கே பெரும்பாலும் கெல்ட்டியப் பெயர் மிஞ்சியிருக்கிறது. மேற்கே போகப் போகச் சிற்றாறுகளும் சேர்கின்றன. வேல்ஸ் எல்லையை நெருங்கும்போது ஓடைகள்கூட. சாக்சன் குடியேற்றம் கிழக்கிலிருந்து மேற்கே படிப்படியாக நகர்ந்ததன் தடம் இது என்றார் ஜாக்சன். போர்க்களங்களைத் தோண்டாமல் நீரோடைகளின் பெயர்களிலிருந்தே ஒரு குடியேற்றத்தின் போக்கை அவர் படித்தது எனக்கு இன்றும் வியப்பு.

இதில் எச்சரிக்கையும் வேண்டும். இன்றைய எழுத்தை நம்பினால் ஏமாந்துபோவோம். அதனால்தான் ஆய்வாளர்கள் 1086ஆம் ஆண்டின் டூம்ஸ்டே நிலக் கணக்கு போன்ற பழைய ஏடுகளில் ஒரு பெயர் எப்படி எழுதப்பட்டிருக்கிறது என்று முதலில் தேடுகிறார்கள். 'கேம்' ஆற்றின் மேல் பாலம் இருப்பதால் கேம்பிரிட்ஜ் என்று யாருக்கும் தோன்றும். பழைய ஏடுகளிலோ ஊர் 'கிரான்டபிரிட்ஜ்', ஆறு 'கிரான்டா'. நார்மன் ஆட்சிக்குப் பின் ஊரின் பெயர் வாயில் தேய்ந்து 'கேம்' என்று தொடங்கியது. பிறகு ஊரைப் பார்த்து ஆற்றுக்கும் கேம் என்று பெயரிட்டார்கள். நகரைத் தாண்டி மேல்நோக்கிப் போனால், அதே தண்ணீரை இன்றும் கிரான்டா என்று சொல்பவர்களைப் பார்க்கலாம்.