ஈயா, இல்லையா? இறக்கையை எண்ணுங்கள்

துணியில் அங்குலத்துக்கு எத்தனை இழை என்று எண்ணிப் பார்க்க நெசவுத் தொழிலில் ஒரு சிறிய லென்ஸ் உண்டு. ஆரணிப் பகுதிப் பள்ளிகளில் தறிக்கார வீட்டுப் பிள்ளைகள் சிலர் அதைப் பார்த்திருக்கக்கூடும். வகுப்பறைச் சன்னலோரம் இறந்து கிடக்கும் பூச்சிகளை வெள்ளைத்தாளில் இட்டு, அப்படியொரு லென்ஸால் பார்க்கச் சொல்லுங்கள். முதல் கேள்வி: எத்தனை இறக்கைகள்?

ஈ வரிசைப் பூச்சிகளுக்கு இரண்டே. பின்னிறக்கை இருக்கவேண்டிய இடத்தில் குண்டூசிபோல் இரு குமிழ்கள் இருக்கும். பறக்கும்போது அவை சமநிலை காக்கும். இந்தக் கணக்கில் தேனீ, ஈ அல்ல, ஈசலும் அல்ல. இரண்டுக்கும் நான்கு இறக்கைகள். பெயரில் 'ஈ' இல்லாத கொசுதான் ஈக்களின் உறவு. மாணவர்கள் இதை ஏற்கச் சற்று அடம்பிடிப்பார்கள், பிடிக்கட்டும்.

லென்ஸுக்கும் சரியாக எட்டாத ஈக்கள் உண்டு. பிரையன் பிரவுன் என்ற ஆய்வாளர், தாய்லாந்தில் கிடைத்த ஓர் ஈக்கு 2012-இல் யூரிபிளாட்டியா நானக்நிஹாலி என்று பெயரிட்டார். அதன் நீளம் 0.4 மி.மீ. பட்டுக்கூட்டின் தனி இழைகள் இருபதைப் பக்கம் பக்கமாக அடுக்கினால் ஏறக்குறைய அவ்வளவுதான் வரும். அது எப்படி வாழ்கிறது என்பதை நேரில் யாரும் பார்க்கவில்லை. ஆனால் அதன் உடலமைப்பு, ஆப்பிரிக்காவின் எக்குவடோரியல் கினியில் ஏற்கெனவே அறியப்பட்ட ஓர் ஈயின் பேரினத்தோடு பொருந்தியது. அந்த உறவுக்கார ஈ, எறும்பின் உடலில் முட்டையிடுவது. புதிய ஈயின் முட்டையிடும் உறுப்பும் கூர்மையாக இருந்தது. ஆகவே இதுவும் எறும்பின் ஒட்டுண்ணியாகத்தான் இருக்கவேண்டும் என்று அவர் கருதினார். உறவு தெரிந்ததும் பிழைப்பும் தெரிந்துவிட்டது!

பட்டுக்கும் இதில் பங்குண்டு. ஊசி ஈ பட்டுப்புழுவின் மேல் முட்டையிடும். அதன் புழு கூட்டைத் துளைத்து வெளியேறினால் இழை அறுந்துபோகும்; அந்தக் கூட்டிலிருந்து தொடர்ச்சியாக நூல் எடுக்க முடியாது. மேற்கு வங்கத்திலிருந்து 1980-இல் கர்நாடகத்துக்கு வந்த இந்த ஈ, பிறகு தமிழ்நாட்டிலும் பரவியது. இதைக் கட்டுப்படுத்த நெசோலிங்ஸ் தைமஸ் என்ற நுண்குளவியை வளர்த்துப் பட்டுப்புழு வளர்ப்பு மனைகளில் விடுகிறார்கள். ஊசி ஈயின் கூட்டுப்புழுவில் அது முட்டையிட, குளவியின் குஞ்சுகள் அதைத் தின்று தீர்க்கும். மனையில் பறக்கும் சின்னஞ்சிறு பூச்சியை எல்லாம் 'ஈ' என்று அடித்துக் கொன்றால், விவசாயி காசு கொடுத்து வாங்கிவிட்ட இந்தக் காவலாளியும் சாகும். அதற்கு இறக்கை நான்கு.